அவள் இயந்திரமா?

மனிதர் சிலரைப் பற்றி நாம் எழுப்பும் கேள்விகள், அவர்களைப் பற்றி எமக்கு உணர்த்துவதிலும் பார்க்க எம்மைப் பற்றியே அதிகம் உணர்த்திவிடுகின்றன. இவ்வுண்மையை நான் ஒரு தத்துவ நூலிலிருந்து கற்றிருப்பின், கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு அது பெருமையாக இருந்திருக்கும். ஆனால் விண்வெளிக் கப்பலும் கோர உயிரினங்களும் நிறைந்த திகிற் படமொன்றைப் பற்றி விடுதி அறையில் நான் நிகழ்த்திய வாதமே எனக்கு இதனைக் கற்பித்தது. அவ்வாதத்தில் முதலில் வென்றேன், பின்னர் தோற்றேன். அவ்விரண்டையும் முறையே கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடந்த ஆண்டின் மழைக்காலத்தில் ஓர் இரவு, எமது விடுதியில் நாம் அறுவர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்திருந்து 'புறொமீதியஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். றிட்லி ஸ்கொட்டின் நெறியாள்கையில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. கதை 2093ஆம் ஆண்டில் நிகழ்கின்றது. மனித இனத்தைப் படைத்தோர் வேற்றுலகவாசிகளே என நம்பும் எலிசபெத் ஷோ, சார்லி ஹொலோவே என்னும் ஆய்வாளர் இருவரின் சொல்லை ஏற்று, பீற்றர் வேலண்ட் என்ற முதிய செல்வரின் நிறுவனம் எல்.வி. 223 என்னும் தொலைதூரத் துணைக்கோளுக்கு ஒரு கப்பலை அனுப்புகின்றது. கப்பலிற் பதினேழு பேர். ஜானெக் என்பவன் கப்பலின் தலைவன். பயணிகள் உறைதுயிலில் ஆழ்ந்திருந்த இரண்டாண்டுக் காலமும் விழித்திருந்து கப்பலைக் காத்தவன் டேவிட். இவன் மனிதன் அல்லன். மனித வடிவில் ஆக்கப்பட்ட பொறி. ஆங்கிலத்தில் 'அன்ட்ரொயிட்' என்பர். மைக்கல் ஃபாஸ்பெண்டர் இப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். நிறுவனத்தின் பிரதிநிதியாகக் கப்பலில் அதிகாரம் செலுத்துபவள் மெறெடித் விக்கேர்ஸ். சார்லிஸ் தெரோன் நடித்த பாத்திரம் இது.

விக்கேர்ஸ் யார் என்பதே எமது விவாதம். படம் வெளிவந்த காலந்தொட்டு இரசிகர் பலர் ஒரு கருதுகோளை முன்வைத்து வந்துள்ளனர். விக்கேர்ஸ் மனிதப் பெண் அல்லள். டேவிட்டைப் போன்று அவளும் வேலண்ட் செய்வித்த ஒரு பொறியே. படம் அதனை வெளிப்படச் சொல்லாது மறைத்து வைத்திருக்கின்றது என்பது அக்கருதுகோள்.

இவ்வையம் காரணமின்றி எழுந்ததன்று. இப்படத்தின் தாய்க்கதையான 'ஏலியன்' வரிசையின் இரசிகர்கள், "இவர்களுள் பொறி யார்?" என்று தேடுவதற்குப் பழக்கப்பட்டவர்கள். 1979ஆம் ஆண்டின் முதற் படத்தில், விஞ்ஞான அதிகாரியாகிய ஆஷ் என்பவன் மனிதருள் மனிதனாக உலவினான். சக மாலுமி ஒருவன் அவனை அடித்துத் தலையைச் சாய்த்தபோது குருதிக்குப் பதிலாக வெள்ளைத் திரவம் பீறிட்டது. 1986ஆம் ஆண்டின் இரண்டாம் படத்தில் வரும் பிஷப் என்பவனின் விரலிற் கத்தி பட்டபோதும் அதே வெள்ளைத் திரவமே கசிந்தது. 1997ஆம் ஆண்டின் நான்காம் படத்தில் கோல் என்னும் இளம்பெண் பொறியெனப் பின்னரே தெரியவருகின்றது. இதே ஸ்கொட் 1982ஆம் ஆண்டில் ஆக்கிய 'பிளேட் றன்னர்' படத்திலோ, மனிதப் போலிகளை வேட்டையாடும் டெக்கார்ட் தானே ஒரு போலியா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. எனவே ஸ்கொட்டின் படத்தில் உணர்ச்சி காட்டாத ஒருவர் தோன்றினால் இரசிகனின் கண் அவர்மேற் பதிவது இயல்பே.

அன்றிரவு அக்கருதுகோளுக்காக வாதிட்டவன் நான். ஐந்து சான்றுகளை வரிசைப்படுத்தினேன்.

முதலாவது, உறைதுயிலிலிருந்து எழுந்த ஏனையோர் குமட்டலால் வருந்தி வாந்தியெடுத்துக் கிடக்கையில், விக்கேர்ஸ் அனைவருக்கும் முன்னே எழுந்து, உடலில் ஈரமும் உலராத நிலையில் தரையிற் கையூன்றித் தண்டால் எடுக்கின்றாள். இரண்டாவது, டேவிட்டும் அவளும் ஒரே வார்ப்பில் வார்த்தவர்போற் காணப்படுகின்றனர். வெளிறிய பொன்மயிரும் நிமிர்ந்த முதுகும் மடிப்புக் குலையாத உடையும் இருவருக்கும் பொது. மூன்றாவது, ஒரு கட்டத்தில் அவள் டேவிட்டைத் தன் கையாலேயே சுவரோடு தள்ளி அழுத்தி மிரட்டுகின்றாள். நான்காவது, அவளுடைய தனியறையில் அறுவைச் சிகிச்சையைத் தானே செய்யும் விலையுயர்ந்த மருத்துவப் பேழை ஒன்று இருக்கின்றது. ஆயினும் அது ஆண் உடலுக்கென்றே அமைக்கப்பட்டது. தனக்குப் பயன்படாத மருத்துவப் பேழையை ஒரு பெண் ஏன் தன் அறையில் வைத்திருக்க வேண்டும்? ஐந்தாவது, நோய்த்தொற்றுக்கு ஆளான ஹொலோவே கப்பலினுள் ஏற முனைந்தபோது அவள் தீயுமிழும் கருவியால் அவனை எரித்துவிடுகின்றாள். இவை போதாவெனின், கப்பல் தலைவன் ஜானெக்கே அவளை நோக்கி, "நீ இயந்திரமா?" என்று கேட்டுவிடுகின்றான். அவளோ ஆம் என்றும் கூறவில்லை, இல்லை என்றும் கூறவில்லை. பத்து நிமிடத்தில் தன் அறைக்கு வருமாறு மட்டும் சொல்லிச் செல்கின்றாள்.

நண்பன் ஒருவன் மறுத்தான். மருத்துவப் பேழை வேலண்டுக்காகவே வைக்கப்பட்டது என்பதைப் படம் பின்னர் தெளிவாக்குகின்றது. இறந்துவிட்டதாக எல்லாரையும் நம்பவைத்த அக்கிழவர் கப்பலிலேயே இரகசியமாகத் துயின்றுகொண்டிருந்தார் என்றான். "சரி, நான்காவதை விட்டுவிடுகிறேன். மற்ற நான்கும்?" என்றேன். இறுதியில் விழுகின்ற கப்பலின் அடியில் நசுங்குகையில் அவளுடைய முகத்தில் மரண பயம் தெரிகின்றதே என்றான். "பொறிக்குப் பயத்தையும் கற்பிக்கலாம். அவளுள் ஓடியது சிவப்புக் குருதியா, வெள்ளைத் திரவமா என்பதைப் படம் காட்டவில்லையே" என்று நான் கூறவே அறையில் கரகோஷம் எழுந்தது. நான் வென்ற கதை இதுவே.

மறுநாட் காலை சிற்றுண்டிச்சாலையில் தேநீர்க் கோப்பையுடன் அவ்வெற்றியை மீண்டும் விவரித்துக்கொண்டிருந்தேன். எமது ஆண்டிலேயே மெய்யியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் தோழி ஒருத்தி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பின்னர் இரண்டே கேள்விகள் கேட்டாள்.

"நீர் சொன்ன அஞ்சையும் ஒரு ஆம்பிளை செய்திருந்தா அவனுக்கு என்ன பேர் வைச்சிருப்பீர்?"

நான் சற்றுத் தயங்கி, "திடமானவன் எண்டு சொல்லியிருப்பன்" என்றேன்.

"அப்ப, பதினேழு பேர் போன கப்பலிலை அந்தக் கேள்வியை ஏன் அவளிட்டை மட்டும் கேட்டவை?"

விடை என்னிடம் இருக்கவில்லை. அன்று மாலை நான் தனியே இருந்து அப்படத்தை மீண்டும் பார்த்தேன். முதல் நாள் என் கண்ணுக்குச் சான்றாகத் தோன்றியவை யாவும் இம்முறை வேறாகத் தோன்றின.

ஜானெக் அக்கேள்வியை எப்பொழுது கேட்கின்றான் என்பதை நான் கவனித்திருக்கவில்லை. அவன் அவளிடம் உல்லாசமாகப் பேசி அணுகுகின்றான். ஆண் துணை தேடும் எண்ணமிருந்தால் உலகத்து ஆண்கள் அனைவரையும் விட்டு இத்தனை தூரம் வந்திருப்பேனா என்ற கருத்துப்பட மறுத்துவிட்டு அவள் அகல்கின்றாள். அதன் பின்னரே, "நீ இயந்திரமா?" என்ற கேள்வி அவள் முதுகை நோக்கி வருகின்றது. அது ஆராய்ச்சியாளனின் கேள்வியன்று. மறுக்கப்பட்ட ஆணின் கேள்வி. தன்னை விரும்பாத பெண் பெண்ணாக இருக்க முடியாது என்ற பழைய தருக்கமே 2093ஆம் ஆண்டின் மொழியில் வெளிப்படுகின்றது. அவள் அளித்த விடையோ துயரமானது. தான் மனிதப் பிறவி என்பதற்குச் சொல்லாற் சான்று தர இயலாது என்பதை அவள் அறிந்திருக்கின்றாள். எனவே கேட்டவன் விரும்பிய சான்றையே அவனுக்குக் கொடுக்க முன்வருகின்றாள். அதன் விளைவாகக் கட்டுப்பாட்டறை வெறுமையாகின்றது. வெளியே இருளிற் சிக்கியிருந்த ஆய்வாளர் இருவர் தாக்குண்ணும்போது அவர்களின் கூக்குரலைக் கேட்க அங்கு எவருமில்லை. விளையாட்டாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குக் கப்பல் செலுத்திய விலை அது.

ஹொலோவேயின் மரணத்தையும் மீண்டும் நோக்கினேன். 1979ஆம் ஆண்டின் முதற் படத்தில், நோயுற்றவனைக் கப்பலுள் அனுமதியாதே என்று றிப்ளி என்ற பெண் விதியை எடுத்துக்காட்டி மறுக்கின்றாள். விதியை மீறிக் கதவைத் திறந்துவிட்டவன் பொறியாகிய ஆஷ். றிப்ளியொழிந்த அனைவரும் அழிந்தது அதனாலேயே. இங்கோ விக்கேர்ஸ் கதவைத் திறக்கவில்லை. அவ்வாறாயின் அவளை நான் றிப்ளியோடு ஒப்பிட்டிருக்க வேண்டும், ஆஷோடு ஒப்பிட்டேன். முதற் படத்தைப் பலமுறை பார்த்தவனுக்கு இது எவ்வாறு தெரியாமற் போயிற்று என்பது எனக்கே வியப்பாக இருக்கின்றது.

அனைத்திலும் முக்கியமானது தந்தையின் கதை. வேலண்டின் உருவம் ஒளிப்படிமமாகத் தோன்றிப் பயணிகளுக்கு உரையாற்றும் காட்சியில், டேவிட்டைச் சுட்டி, தனக்கு மகன் என்று சொல்லத்தக்கவன் இவனே என்ற பொருள்படக் கூறுகின்றார். அம்மண்டபத்தில் விக்கேர்ஸ் நிற்கின்றாள். அவள் அவருடைய மகள் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பார்வையாளராகிய எமக்கும் தெரியாது. படத்தின் பிற்பகுதியில் அவள் அவர்முன் மண்டியிட்டுப் பேசுமிடத்தில், இறுதியாக "தந்தையே" என்ற ஒரு சொல்லை உதிர்க்கும்போதே உறவு வெளியாகின்றது. கிழவரின் பாதங்களைக் கழுவும் உரிமை பொறிக்கு இருந்தது. மகளுக்கோ அச்சொல்லை உரக்கச் சொல்வதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவள் டேவிட்டைச் சுவரோடு அழுத்தியது பொறியொன்றின் வலிமையால் அன்று. தன் தந்தை என்ன சொன்னார் என்பதைத் தன்னிடம் கூறாது அவனிடம் கூறிவிட்டாரே என்ற ஆற்றாமையால் ஆகும்.

இரசிகர்களின் கருதுகோளை நான் முற்றாக இகழ விரும்பவில்லை. விக்கேர்ஸும் பொறியாயின், தந்தை ஒருவரின் அன்புக்காக இரு பொறிகள் போட்டியிடும் கதையாக அது மாறும். அதிலும் ஒரு சுவை உண்டு. ஆனால் அக்கருதுகோள் எதை எம்மிடமிருந்து பறிக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்ற மகளைக் காணாது, செய்த பொறியை மகனாகக் கொண்ட ஒரு தந்தையின் குருட்டுத்தன்மையே இப்படத்தின் வேதனை. மகளையும் பொறியாக்கிவிட்டால் அவ்வேதனைக்கு இடமில்லை. வேலண்ட் தன் வாழ்நாள் முழுவதும் அவளுக்குச் செய்ததை, படம் முடிந்த பின்னர் இரசிகர்களாகிய நாம் செய்து முடிக்கின்றோம்.

இவ்வையத்தின் வேர் திரைப்படத்துக்கு முற்பட்டது. மனிதப் பெண்ணையும் பொறிப்பெண்ணையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடும் வேட்கை, பொறிகள் பற்றிய எழுத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. வில்லியே த லீல்-ஆதாம் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1886ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலொன்றில், தன் காதலி அழகியாயினும் அவளின் உள்ளம் தான் விரும்பியவாறு இல்லை என வருந்தும் பிரபு ஒருவனுக்காக, எடிசன் என்ற விஞ்ஞானப் பாத்திரம் அவளின் சாயலிலேயே ஒரு பொறிப்பெண்ணை ஆக்கிக் கொடுக்கின்றது. கணினி விஞ்ஞானத்தின் மூலவர்களுள் ஒருவரான அலன் ரூறிங் 1950ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொறி சிந்திக்குமா என்ற கேள்விக்கு விடை காண ஒரு விளையாட்டை வகுத்தார். மறைவில் இருப்பவர் மனிதரா பொறியா என்பதை எழுத்துமூலமான விடைகளைக் கொண்டே நடுவர் கண்டறிதல் வேண்டும். ஆனால் அவ்விளையாட்டை அவர் விளக்கத் தொடங்குவது வேறொரு வடிவிலாகும். மறைவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருப்பர். எவர் பெண் என்பதை நடுவர் கண்டறிதல் வேண்டும். பொறி நுழைவது அதன் பின்னரே. விசாரணைக்கு உட்படும் ஆசனத்திற் பொறி அமர்வதற்கு முன்னரே அங்கு பெண் அமர்த்தப்பட்டிருந்தாள் என்பது எனக்குச் சிந்தனைக்குரியதாகப்பட்டது.

எமது மொழியும் இவ்விடயத்தில் மௌனமாயில்லை. 'பொறி' என்ற சொல்லை நாம் இயந்திரத்துக்கும் வழங்குகின்றோம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்து புலன்வாயில்களுக்கும் வழங்குகின்றோம். 'பாவை' என்பது செய்யப்பட்ட பொம்மை, அதுவே பெண், அதுவே கண்ணின் கருமணியும் ஆகும். மனிதருக்கும் செய்பொருளுக்கும் இடையே எம் முன்னோர் மதில் எழுப்பவில்லை போலும். திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அகத்தே நாணமற்றவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவைக்கு ஒப்பிடுகின்றார். உயிருள்ளதுபோல் அது எம்மை மயக்குமாம். அவ்வுவமையிற் பாவையென இகழப்படுபவர் கண்ணீர் சிந்தாதவர் அல்லர். தன் செயலுக்கு நாணாதவரே என்பது கவனத்துக்குரியது. அவ்வளவுகோலைக் கையிலெடுத்தபோது அது திரும்பி என்னையே சுட்டியது.

இனிக் கூற வேண்டியது என் வீட்டுக் கதை.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில், நெடுநாள் நோயின் பின்னர், எம் அப்பா காலமானார். நான் அப்போது உயர்தர வகுப்பில் இருந்தேன். என்னிலும் ஐந்து வயது மூத்த அக்கா, ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திற் கணக்கெழுதும் வேலையில் இருந்தாள். மரணவீட்டில் அம்மா சுருண்டு கிடந்தார். நான் அழுதேன். ஒப்பாரி வைத்த பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்து அழ வந்தபோது அவள் அவர்களின் முதுகைத் தடவிவிட்டு, தேநீர் கிடைத்ததா என்று விசாரித்தாள். அவள் கையில் ஒரு பயிற்சிக் கொப்பி இருந்தது. பந்தல், பறைமேளம், விறகு, சீனி, தேயிலை என்று ஒவ்வொன்றாக எழுதி, எவரிடம் எவ்வளவு கடன்பட்டோம் என்பதையும் எதிரே குறித்துக்கொண்டிருந்தாள். பிரேதத்தைச் சுடலைக்கு எடுத்தபோது படலையடியில் நின்று பார்த்தாள். பின்பு உள்ளே சென்று வீட்டைக் கழுவத் தொடங்கினாள். "கல்லுப்போல நிக்கிறாள்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

எட்டுச் செலவன்று படையலுக்கு வேண்டிய பொருள்களின் விலையை அவள் என்னிடம் கேட்டபோது என் பொறுமை உடைந்தது. "அக்கா, நீ மனிசியே? நீ ஒரு மெசின்" என்று உறவினர் கேட்கக் கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. விலையை மறுபடியும் கேட்டாள். நான் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று நான் திரட்டியவையும் சான்றுகளே. அழவில்லை, கணக்கெழுதினாள், வீடு கழுவினாள். விடுதியறையில் விக்கேர்ஸுக்கு எதிராக ஐந்து சான்றுகளை நான் அத்துணை இலகுவாக அடுக்கியதற்குக் காரணம் படத்தைப் பற்றிய என் அறிவன்று. அவ்வழக்கை முன்னரே ஒரு முறை நடத்திய பழக்கமே என்பது தோழியின் கேள்விக்குப் பின்னரே எனக்கு விளங்கியது.

விடுமுறையில் வீடு சென்றபோது மடிக்கணினியில் அப்படத்தை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். என் உள்நோக்கத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன். அப்படத்தைக் கண்டு அவள் ஏதேனும் ஓரிடத்திற் கலங்குவாள், அப்போது நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். அதாவது அப்பொழுதுங்கூட நான் சான்று தேடிக்கொண்டே இருந்தேன். அவள் கலங்கவில்லை. பயங்கரக் காட்சிகளின்போது கொட்டாவி விட்டாள். விழுகின்ற கப்பலின் நேர்க்கோட்டிலேயே விக்கேர்ஸ் ஓடுவதைக் கண்டு, "உவள் ஏன் பக்கத்தாலை ஓடேல்லை?" என்று கேட்டாள். உலகத்து இரசிகர் அனைவரும் கேட்ட கேள்வியே அது.

படம் முடிந்ததும், ஜானெக்கின் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். "அவன் நேரா மெசினோ எண்டு கேக்கேக்கை அவள் ஆம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லையே?"

"ஏன் தம்பி சொல்லவேணும்?" என்றாள் அக்கா.

சிறிது நேரம் கழித்து, எட்டுச் செலவன்று நான் சொன்னது ஞாபகமிருக்கின்றதா என்று கேட்டேன். குரல் தடுமாறியது. அவள் மடிக்கணினியின் மூடியைச் சாத்தியபடி, "இருக்கு. மெசின் எண்டாலும் ஆரேனும் எண்ணெய் விடவேணுமெல்லோ?" என்று கூறிவிட்டு, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று எழுந்து சென்றாள். அதை அவள் பகிடியாகச் சொன்னாளா, வேறு விதமாகச் சொன்னாளா என்பதை அவள் முகத்தைக் கொண்டு அறிய முடியவில்லை. அறிய முயல்வதும் முறையன்று என்று அப்போது தோன்றியது.

'புறொமீதியஸ்' படத்தின் தொடர்ச்சியாக 2017ஆம் ஆண்டில் 'ஏலியன்: கொவெனன்ற்' வெளிவந்தது. அதில் டேவிட்டின் முகத்தையே கொண்ட வோல்டர் என்ற இன்னொரு பொறி வருகின்றது. இருவரும் போரிட்ட பின்னர் மீண்டவன் எவன் என்பதில் எல்லோரும் ஏமாறுகின்றனர். டானியல்ஸ் என்ற பெண் உறைதுயிலிற் படுக்கும் தறுவாயில் ஒன்றை நினைவூட்டுகின்றாள். இறந்த கணவனோடு ஏரிக்கரையில் ஒரு மரவீடு கட்ட எண்ணியிருந்ததை அவள் முன்னர் வோல்டரிடம் சொல்லியிருந்தாள். எதிரே நிற்பவனுக்கு அது விளங்கவில்லை. அவன் டேவிட் என்பதை அவள் அறிந்துகொண்ட கணத்தில் உறைதுயில் அவளை ஆட்கொண்டுவிடுகின்றது. குருதியின் நிறமோ கண்ணீரோ அங்கு உண்மையை வெளிப்படுத்தவில்லை. ஒருத்தி சொன்னதைக் கேட்டு மனத்தில் வைத்திருந்தவன் எவன், வைத்திராதவன் எவன் என்பதே வெளிப்படுத்தியது.

இக்காட்சி என்னை மிகவும் வருத்தியது. அக்காவும் உயர்தரத்திற் கலைப்பிரிவிற் சித்தியடைந்தவள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் அப்பாவின் நோயினால் வராது விட்டவள். எந்தப் பாடத்தைச் சிறப்பாகக் கற்க அவள் எண்ணியிருந்தாள்? ஒரே கூரையின் கீழ் வளர்ந்த எனக்கு இன்றுவரை அது தெரியாது. அவள் சொல்லியிருக்கக்கூடும், நான் கேட்டு மனத்தில் வைக்கவில்லை. அவளுடைய சம்பளத்தில் இங்கு வந்து, அவள் அமர்ந்திருக்க வேண்டிய வாங்கில் அமர்ந்து, விக்கேர்ஸ் பொறியா என்று வாதாடி வென்றவன் நான். எம் இருவருள் வோல்டர் யார், டேவிட் யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

விக்கேர்ஸ் மனிதப் பெண்ணே என்பது என் இன்றைய முடிபு. ஆனால் அம்முடிபை இன்னொரு ஐந்து சான்றுகளால் நிறுவ நான் முற்படமாட்டேன். ஒருவர் மனிதர் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்று கோருவோர் அக்கோரிக்கையாலேயே ஒரு பிழையைச் செய்துவிடுகின்றனர் என்று இப்போது கருதுகின்றேன். பொறிகளோடு மனிதர் உரையாடத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், எது பொறி என்று கண்டறியும் சோதனைகள் பெருகும். அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அச்சோதனைகளை முதலில் எவர்மேல் நடத்திப் பழகினோம் என்பதை மறத்தலாகாது.

இக்கட்டுரையை இதழுக்குக் கொடுக்குமுன் அக்காவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். மரணவீட்டுச் செலவுக் கொப்பியைப் பற்றியும் எழுதப்போவதாகச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையிற் சத்தமில்லை. பின்னர், "எழுது. விறகையும் பந்தலையும் மட்டும் எழுதிப்போட்டு விடாதை. ஐயருக்குக் குடுத்ததும் கிடக்கு. கணக்குப் பிழைக்கக்கூடாது" என்றாள்.

ஐயருக்குக் கொடுத்ததையும் இங்கு சேர்த்துக்கொள்கின்றேன். அவள் என்ன படிக்க விரும்பினாள் என்பதை அடுத்த விடுமுறையிற் கேட்பதாக இருக்கின்றேன்.